கிரிவலம் வந்த கிடா

கிட்ட வாங்க, கண்ணுங்களா. அந்த ஃபேன் சத்தத்தில் நான் சொல்வது பாதிதான் காதில் விழும், இப்படி என் பக்கமாக நகர்ந்து உட்காருங்க. போனைக் கவிழ்த்து வெச்சுடுங்க. ஒரு கிடாவின் கதை சொல்றேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிங்க. நடுவில் கொஞ்சம் பயமாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. இதில் ஒரு பெண்ணின் பிரசவம் இருக்கிறது.

விலங்குகளை வைத்து மனுஷன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் என்று ஒரு ஊர். ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால் அங்கே ஒரு சேவல் முட்டை போட்டுவிட்டது என்று அதைக் கோர்ட்டில் நிறுத்தி, விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, எரித்தே விட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு மிருகக்காட்சி சாலைப் பென்குயினுக்கு நார்வே நாட்டு ராணுவம் பதவி கொடுத்திருக்கிறது. சிப்பாய்கள் வரிசையாக விறைத்து நிற்க, அது நடுவில் தத்தித் தத்தி நடந்து பார்வையிடுகிறது. நாம் மட்டும் என்ன குறைச்சல். தொண்ணூற்றைந்தில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தேசமே டம்ளரோடு நின்றது. நானும் நின்றேன். என் முறை வருவதற்குள் பால் திரிந்து போனது.

சேவல் கதையும் பென்குயின் கதையும் எனக்கு அருண்பிரசாத் சொன்னது. வேங்கிக்காலில் புதுசாகக் கட்டின வீடுகளில் ஒன்றில் இருக்கிற பிள்ளை அவன். பகலில் செல்போன் கடையில் வேலை. மிச்ச நேரத்தில் இந்த மாதிரி விசித்திரங்களைத் தேடிப் பிடித்து, தானே பேசி, போனில் வீடியோ போடுவான். அடி அண்ணாமலையில் என் பக்கத்து வீட்டு வள்ளியின் கிடாவை உலகத்துக்குக் காட்டினவன் அவன்தான்.

வள்ளிக்கும் ஆதிமூலத்துக்கும் ஒரே பெண், நந்தினி. முதல் பிரசவத்தில் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பெண் வெகுநாள் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரவில்லை. வேங்கிக்காலைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிற முனீஸ்வரன்தான் அவர்கள் வீட்டுக் குலசாமி. வள்ளி அங்கே போய்ச் சூலத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்தது தங்கட்டும். அவளுக்கு வலி எடுக்கறதுக்குள்ள உனக்குக் கறுப்புக் கிடா குடுத்துடறேன்."

நந்தினி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே குட்டி வாங்கி வந்தார்கள். ஒரு வெள்ளை முடி கிடையாது. சாமிக்கு நேர்ந்தது என்று ஊருக்குத் தெரிய, கழுத்தில் மஞ்சள் துணி கட்டினாள் வள்ளி. பேர் வைக்கவில்லை. நேர்ந்துவிட்டதற்குப் பேர் வைத்தால் அப்புறம் கை வராது என்பாள். ஆதிமூலம் மட்டும் யாரும் பார்க்காதபோது அதைத் "தம்பி" என்று கூப்பிடுவார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன்.

தப்பு நடந்தது இங்கேதான். அந்த வருஷம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, சரியாக வரவில்லை, தீவனத்துக்குக் கொடியும் கம்மி. கிடாவோ கொழுக்க வேண்டும். கிரிவலப் பாதை அவர்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. "பௌர்ணமிக்கு அவுத்து வுடுங்க," என்றாள் வள்ளி. "ஜனங்க பழம் போடுவாங்க. நம்ம கைக்காசு இல்லாம தின்னுட்டு வரட்டும்."

அவிழ்த்து விட்டார்கள். நின்ற இடத்தில் நின்றால் ஒரு பழம், கூடவே நடந்தால் வழியெல்லாம் பழம் என்று கிடா சீக்கிரமே கண்டுகொண்டது. அன்னதானப் பந்தல் ஒவ்வொன்றிலும் தொன்னையில் பொங்கல் வேறு. திரும்பி வரலாம் என்றால் மொத்த ஜனமும் எதிரே வருகிறது. அதனால் ஜனத்தோடேயே மலையை முழுசாகச் சுற்றி, விடிந்ததும் வாசலில் வந்து படுத்தது. அடுத்த பௌர்ணமிக்கு யாரும் அவிழ்த்து விடவே வேண்டியிருக்கவில்லை. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அதுவே கிளம்பிவிட்டது.

கறுப்பு ஆடு, கழுத்தில் மஞ்சள் துணி, தலை குனிந்த நடை. எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ரோட்டோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் யார் என்று கேட்பார்கள். யாரோ அதன் நெற்றியில் திருநீறு இட்டார்கள். யாரோ மாலை போட்டார்கள். ஒரு அம்மா சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றிக் கும்பிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் அதையே செய்தார்கள்.

அருண்பிரசாத் அப்போதுதான் வந்தான். சேவலைச் சொல்லி, பென்குயினைச் சொல்லி, "இப்ப நம்ம ஊர் அதிசயத்தைப் பாருங்க" என்று கிடாவைக் காட்டினான். "ஆட்டுச் சித்தர்" என்று பேரும் வைத்தான். வள்ளி வைக்கக் கூடாது என்றிருந்த பேரை அவன் வைத்தான், ஊரே அப்படிக் கூப்பிட்டது.

அதற்கப்புறம் வாசலில் கூட்டம்தான். சென்னையிலிருந்து ஒரு அம்மா சித்தருக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொண்டுவந்தார். அவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "இது பொறந்ததிலேருந்து மாமிசமே தொட்டதில்லையாமே?"

"ஆடும்மா அது," என்றேன்.

"அதான் பாருங்க," என்றார் அவர், கண் கலங்கி.

சிரிக்கிறீங்க. வள்ளி சிரிக்கவில்லை. நந்தினி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். நாள் நெருங்குகிறது. கிடாவை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வள்ளி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளம்புவாள். ஒவ்வொரு வெள்ளியும் வாசலில் யாராவது தேங்காய் பழத்தோடு நிற்பார்கள். அவர்களிடம் என்னவென்று சொல்வாள்? "கொஞ்சம் தள்ளுங்க, உங்க சாமிய எங்க சாமிக்கு வெட்டணும்" என்றா?

ஒரு நாள் அருண்பிரசாத் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்டான்: "அக்கா, சித்தரை எதுக்காக வளர்க்கறீங்க? மக்களுக்குச் சொல்லுங்க."

வள்ளி தரையைப் பார்த்தாள். "அதுவும் ஒரு ஜீவன்தானேப்பா."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அக்கா, அந்த வீடியோவ எல்லாரும் பாக்கறாங்களாம். லட்சம் பேராம்."

"பாத்தா பாக்கட்டும்."

"அவரும்தானே பாத்துக்கினு இருப்பாரு," என்றாள். முனீஸ்வரனைச் சொன்னாள். "அவருக்குக் குடுக்கறேன்னு சொன்னத, ஊரறிய இல்லன்னுட்டேன். எம்பொண்ணு வவுத்துல ஒண்ணு இருக்கறப்ப."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை, அவளுக்கும் அது போய்ச் சேரவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நந்தினிக்கு வலி எடுத்துவிட்டது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வள்ளி துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே அவள் திரும்பிக் கிடாவைத்தான் பார்த்தாள். அது வேப்பந்தழை மென்றுகொண்டிருந்தது.

தெருமுனை ஆட்டோக்கார மாறன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருமகன் அருள்ராஜும் சம்பந்தியம்மாவும் வேலூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். குழந்தையின் துடிப்பை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. நிதானமாகத்தான் சொன்னார். வள்ளிக்கு "துடிப்பு" என்ற வார்த்தைக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. போன தடவையும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பித்தது.

நந்தினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வள்ளி ஒவ்வொரு விரலாக விடுவித்தாள்.

"எங்கம்மா போற?"

"தோ, வந்துடறேன் கண்ணு."

"இரும்மா."

"அத்தை இருக்காங்க பாரு. தோ வந்துட்டேன்."

வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வலி எடுக்கறதுக்குள்ளன்னுதான் வேண்டிக்கினேன். வலி வந்துடுச்சி. ஆனா இன்னும் பொறக்கல. பொறக்கறதுக்குள்ள குடுத்துட்டா அவரு ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்குவாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது வள்ளி."

நானும் ஆட்டோவில் ஏறினேன். ஆதிமூலம் மாறனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மனுஷன் காலையிலிருந்தே பேசவில்லை. பயத்தில் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய்க் கிடாவைத் தூக்கி வண்டியில் போட்டோம். அது நன்றாகக் கொழுத்திருந்தது, வள்ளி நினைத்ததெல்லாம் அந்த ஒரு விஷயத்தில்தான் நடந்தது. யார் கண்ணிலும் படாமல் இருக்கப் போர்வையால் மூடினோம். போர்வைக்கு வெளியே முகம் மட்டும், திருநீறோடு. "குளிர் ஜுரம் வந்த தாத்தா மாதிரி இருக்குது," என்றான் மாறன். வள்ளி பார்த்த பார்வையில் அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வண்டிகள் நின்றிருந்தன. அன்றைக்கு ஏதோ மனு கொடுக்க வந்த கூட்டம். ஆட்டோ நகரவில்லை. வள்ளி கம்பியைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. அருண்பிரசாத்.

"இன்னாண்ணா, இந்தப் பக்கம்?" என்றவன் போர்வையைப் பார்த்தான். கிடாவும் அவனைப் பார்த்தது. "சித்தர எங்க கூட்டிக்கினு போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு," என்றார் ஆதிமூலம்.

"மாட்டாஸ்பத்திரி இந்தப் பக்கம் இல்லயே."

"பொண்ணுக்குப் பிரசவம்."

"அதுக்குச் சித்தர் எதுக்குண்ணா?"

ஆதிமூலம் பின்னால் கை நீட்டிப் போர்வையை இழுத்துக் கிடாவின் முகத்தை மூடினார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அருண்பிரசாத்தின் கை சட்டைப் பைக்குப் போய்ப் போனை எடுத்தது. பழக்கம், வேறென்ன. அவன் கெட்ட பிள்ளை இல்லை.

"வெட்டறதுக்குத் தம்பி," என்றாள் வள்ளி.

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மொதல் நாள்லேருந்தே இது முனீஸ்வரனுக்கு நேர்ந்தது. அந்த மஞ்சத்துணி அதுக்குத்தான் கட்டுனது. உங்கிட்ட அன்னிக்குப் பொய் சொன்னேன். போன பிரசவத்துல கொழந்த தங்கல. இந்தத் தடவ தங்கணும். படம் புடிக்கணும்னா புடிச்சுக்கோ. வழிய மட்டும் மறிக்காத."

அவன் போனைப் பைக்குள் போட்டான். பைக்கை முன்னால் விட்டு, ஒரு லாரிக்காரனிடம் சண்டை போட்டு, எங்கள் வண்டி நுழைகிற அளவுக்கு இடம் பண்ணிக் கொடுத்தான். கூடவே வரவில்லை. கடக்கும்போது மெதுவாகக் கேட்டான்: "பொண்ணு நல்லா இருக்குதா அக்கா?"

"தெரியல தம்பி."

ஏரியில் அப்போது தண்ணீர் பாதிக்கு நின்றது. முனீஸ்வரன் கரையில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். பெரிய மீசை, உருட்டின கண், பக்கத்தில் சூலங்கள். பூசாரி தகவல் தெரிந்து காத்திருந்தார். வெட்டுகிற ஆளும் வந்து மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

கிடா வெட்டுவதில் ஒரு முறை உண்டு, பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. கொண்டுபோனதும் வெட்டிவிட முடியாது. சாமி உத்தரவு தர வேண்டும். கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாத கிடா மேல் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுச் செம்பைத் தூக்கி ஊற்றினார். தண்ணீர் காது வழியாக ஒழுகியது. கிடா கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

மறுபடி ஊற்றினார். கிடா தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தது.

"இன்னாடா இது," என்றான் மரத்தடிக்காரன், பீடியை அணைத்துவிட்டு.

ஏரியிலிருந்து குடத்திலேயே மொண்டு வந்து ஊற்றினார்கள். கிடா சொட்டச் சொட்ட நின்றது. ஒரு ரோமம் அசையவில்லை. வள்ளி அதன் எதிரே மண்டி போட்டு, "உதறு, உதறு சாமி, உதறிடு" என்று கெஞ்சினாள். வெட்டப்போகிற ஆட்டிடம் அப்படிக் கெஞ்சுகிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அவள் பற்கள் தந்தியடித்தன, நனைந்தது என்னவோ ஆடு.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "குறை இருக்குது. வந்தவங்க யாரு மனசுலயோ இன்னாவோ இருக்குது. ஒளிக்காம சொல்லிடுங்க. அப்பதான் அவரு எறங்குவாரு."

வள்ளி முந்திக்கொண்டாள். லட்சம் பேருக்கு முன்னால் பொய் சொன்னதைச் சொன்னாள். தீவனத்தை மிச்சம் பிடிக்கக் கிடாவை ஊர்மேய விட்டதைச் சொன்னாள். தலையில் குட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். ஊற்றினார்கள். கிடா அசையவில்லை.

அப்போது ஆதிமூலம் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு வேண்டிக்கினேன்," என்றார்.

எல்லாரும் திரும்பினோம்.

"போன பௌர்ணமிக்கு. தம்பி பின்னாலயே நானும் சுத்தி வந்தேன். ராஜகோபுரத்துக்கு எதிர்ல நின்னு அண்ணாமலையார்கிட்டச் சொன்னேன். எம்பொண்ணு நல்லபடியாப் பெத்துப் பொழச்சா இந்தக் கிடா மேல கத்தி படாம பாத்துக்கறேன், ஆயுசுக்கும் உன்னச் சுத்தட்டும்னு."

வள்ளி எழுந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "எனக்கு எதிரா வேண்டிக்கினியா?"

"எதிரா இல்ல வள்ளி. நந்தினிக்குத்தான்."

"ஒரே பொண்ணுக்கு, ஒரே வவுத்துக்கு, ஒரே கிடாவ வெச்சி, நான் வெட்டறேன்னு இங்க சொல்லியிருக்கேன். நீ வெட்ட மாட்டேன்னு அங்க சொல்லிட்டு வந்துகீற."

"உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? பேரப்புள்ளக்குக் காது குத்தறப்பயா?"

பூசாரி தலையைச் சொறிந்தார். "இது சிக்கல்தான்," என்றார். "கலெக்டர்கிட்ட ஒரு மனு போயிருக்கறப்ப வி.ஏ.ஓ. எப்படிங்க கையெழுத்துப் போடுவாரு? அவரு பெரிய எடம். இவரு காவக்காரரு."

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது ஆதிமூலத்தின் போன் அடித்தது. அருள்ராஜ். ஸ்பீக்கரில் போடத் தெரியாமல் அவர் தடுமாற, நான் வாங்கிப் போட்டேன்.

"மாமா, துடிப்பு கம்மியாவுதாம். ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். அத்தை எங்க? நந்தினி, அம்மா அம்மான்னு கூப்டுக்கினே போனா."

போன் நின்றது. ஏரியில் ஒரு நாரை எழுந்து போனது.

ஆதிமூலம் கைகூப்பினார், முனீஸ்வரனைப் பார்த்தா மலையைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. "நான் என்னுத வாபஸ் வாங்கிக்கறேன். வெட்டிடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"வாயை மூடு," என்றாள் வள்ளி. "அங்க குடுத்த வாக்க இங்க நின்னு வாபஸ் வாங்குவியா? அவரு கோவம் யாரு மேல எறங்கும்?"

"அப்ப நீ வாங்கிக்கோ."

"நான் வாங்கினா இவரு?"

வெட்டுகிற ஆள் கத்தியைத் துணியில் சுற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான். வள்ளி இந்தப் பக்கம் ஒரு அடி வைத்தாள், அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தாள். எந்த வழியில் போனாலும் கடைசியில் அவள் மகள்தான் படுத்திருந்தாள்.

பிறகு கிடாவின் கயிற்றை எடுத்தாள். சூலத்தடியில் இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்துச் சூலத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இத உனக்குன்னு கொண்டாந்துட்டேன்," என்றாள். "வாங்கிக்கறதும் வாங்கிக்காததும் உன் இஷ்டம். இனிமே இத வூட்டுக்குக் கூட்டிக்கினு போவமாட்டேன். குறைன்னு நெனச்சா என்னிய எடுத்துக்கோ. வாக்குக் குடுத்தவ நானு, தவறுனவளும் நானு. கை வேணுமா, கால் வேணுமா, கண்ணு வேணுமா, எங்கிட்ட வா. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவகிட்டப் போவாத."

திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

வழியில் மாறன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். "அக்கா, தப்பா நெனச்சுக்காத. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதும் தலையில அவ்ளோ பேரு தண்ணி ஊத்தறாங்க. அதுக்குப் பழகிப்போச்சு. எதுக்குக்கா சிலுப்பும்?"

அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. வள்ளிக்கும் பட்டிருக்கும். அது அவளுக்கு உதவவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அருள்ராஜ் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தான். கதவு மூடியிருந்தது. வள்ளி கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் உதடு அசையவில்லை. வேண்டிக்கொள்ளவே பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன், எதைக் கேட்டால் எது யார் கணக்கில் போகுமோ என்று. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்த ஆதிமூலம் மனைவியின் தோளைத் தொடப் போனார், கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளே பின்னால் சாய்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. நர்ஸ் துணிச்சுருளோடு வந்தார். வள்ளி எழுந்திருக்கவில்லை.

"நந்தினி அம்மா யாரு? பொண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

"அழுவலயே," என்றாள் வள்ளி.

"உள்ளயே அழுது ஊரைக் கூட்டிட்டுத்தான் தூங்குது. பாருங்க."

வள்ளி பார்த்தாள். ஒரு விரலை அந்த மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். மூச்சு பட்டதும் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

கதை இங்கே முடிந்தது என்று எழுந்துவிடாதீங்க. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கிடா ஏரிக்கரையில்தான் இருக்கிறது. உத்தரவு வராத கிடாவை யாரும் தொடக்கூடாது என்று பூசாரி வைத்துக்கொண்டார். முனீஸ்வரன் வாங்கிக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, கத்தி படாத மாதிரியும் ஆயிற்று. அருண்பிரசாத் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை போடவில்லை. சித்தர் எங்கே என்று கேட்பவர்களுக்கு "தவத்துக்குப் போயிருக்கிறார்" என்று மட்டும் பதில் எழுதுகிறான். கம்பளிச் சட்டை கொண்டுவந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, எதிர்பார்த்ததுதான் என்றாராம்.

வள்ளி மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள். தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாளே, அதற்கு. தலைவலி வந்தால் இதுவா என்று பார்க்கிறாள். மாடிப்படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். போன வாரம் கொதிக்கிற ரசம் புறங்கையில் கொட்டிவிட்டது. நான் மருந்து எடுத்துக்கொண்டு ஓடினால், அவள் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முகத்தில் கொஞ்சம் நிம்மதி.

"எரியுதாடி?"

"நல்லா எரியுதுக்கா," என்றாள். "இது போதும்னு நெனப்பாரா?"

உள்ளே தூளியில் குழந்தை சிணுங்கியது. மருந்தைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுந்து ஓடினாள். அது பசிக்குச் சிணுங்கியதுதான். ஆனாலும் அவள் அந்த மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினாள்.

நேரமாயிற்று, போய் வாங்க கண்ணுங்களா. உங்கள் வீட்டுத் தூளி எதுவும் காலியாக ஆடாமல் இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிவதற்குள் இறங்கட்டும். உங்கள் வீட்டில் யார் எந்தச் சாமியிடம் எதை வேண்டிக்கொண்டாலும், ஒருத்தருக்கொருத்தர் முன்னாடியே சொல்லிக்கொள்கிற தைரியம் இருக்கட்டும். எல்லா வேண்டுதலும் ஒரே பக்கம் பார்த்து நிற்கட்டும். எல்லாரும் நல்லா இருங்க.